யூஎஸ்பி சோடி ஒலிபெருக்கியும் கணினியின் வொலியூம் எண்ணும்: வாசிகசாலைப் பயன்பாட்டில் ஒரு மதிப்பீடு

கிளிநொச்சிக் கடைகளில் இரண்டாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் கூடிய விலையில் கிடைப்பதும், கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்வதுமான சிறிய சோடி ஒலிபெருக்கியைப் பற்றி இங்கு எழுதுகிறேன். ஒரே அச்சில் வார்த்த இப்பெட்டிகள் கடைக்குக் கடை வெவ்வேறு பெயர் ஒட்டப்பட்டு விற்பனையாவதால் பெயரைக் குறிப்பிடுவதில் பயனில்லை. கையடக்கமான இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகள், முன்பக்கத்தில் துணி வலை, வலப்பெட்டியில் ஒரு வொலியூம் திருகு, யூஎஸ்பி முனை ஒன்று, 3.5 மில்லிமீற்றர் ஒலி முனை ஒன்று என்று பார்த்தவுடனேயே இனங்கண்டுகொள்ளலாம். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையிலுள்ள எங்கள் ஊர் வாசிகசாலையில், சாதாரணதர, உயர்தர மாணவர்களுக்குப் பதிவுசெய்த பாடங்களை மடிக்கணினியில் போட்டுக் காட்டுவதற்காக இதை வாங்கினோம். மாரி மழையிலும் அதைத் தொடர்ந்த அறுவடைக் காலத்திலும் பயன்படுத்திய பின்னரே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் அறைக்கு, ஆசிரியரின் பேச்சைத் தெளிவாகக் கேட்பதற்கு, இந்தச் சோடி போதுமானது. கொடுத்த காசுக்கு மதிப்பும் உண்டு. முப்பது பேர் கூடும் மண்டபத்துக்கு இது உதவாது. இதை வாங்கியவர்கள் பலரும் கடைக்காரரிடம் சொல்லும் “சத்தம் காணாது” என்ற குறையை நான் பெரும்பாலும் ஏற்கவில்லை. கணினித் திரையில் காட்டப்படும் வொலியூம் எண் எதை அளக்கிறது என்பது விளங்காமல் இந்த ஒலிபெருக்கியையோ வேறு எந்த ஒலிபெருக்கியையோ நியாயமாக மதிப்பிட முடியாது. ஆகவே பொருளைப் பற்றிச் சொல்வதற்குச் சமமாக அந்த எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வாற்று எண்ணை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பீஎம்பீஓ (இசையின் உச்ச வலு என்று சொல்லப்படுவது) என்ற எழுத்துகளுடன் நூற்றுக்கணக்கான வாற்று போடப்பட்டிருந்தால், அது எந்த நியமத்தின்படியும் அளக்கப்படாத விளம்பர எண். அதை வைத்து இரண்டு பெட்டிகளை ஒப்பிடவும் முடியாது. யூஎஸ்பி 2.0 துளையொன்று நியமப்படி வழங்குவது 5 வோல்ற்றில் 500 மில்லி அம்பியர், அதாவது 2.5 வாற்று. யூஎஸ்பி 3 துளையானால் 900 மில்லி அம்பியர், 4.5 வாற்று. இரண்டு பெட்டிகளுக்கும், முன்னால் எரியும் சிறு விளக்குக்கும், பெருக்கிச் சுற்றில் வெப்பமாகி வீணாவதற்கும் சேர்த்து இவ்வளவுதான் கிடைக்கும். கொள்ளளவியில் தேங்கியிருக்கும் மின்னேற்றத்தின் உதவியால் ஒரு கணப்பொழுது இதற்கு மேலே போகலாமே தவிர, தொடர்ந்து வெளிவரும் வலு இந்த எல்லைக்குள்தான் நிற்கும். யூஎஸ்பியில் மட்டும் இயங்கும் பெட்டியில் 10 வாற்று, 20 வாற்று என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

ஆனால் 2.5 வாற்று என்றதும் இது பயனற்றது என்று நினைப்பதும் சரியல்ல. ஒலிச் செறிவு என்பது ஒரு சதுர மீற்றர் பரப்பினூடாகச் செல்லும் ஒலி வலு. அது அளக்கப்படக்கூடிய பௌதிகக் கணியம். உரப்பு என்பது நம் காதும் மூளையும் சேர்ந்து உணர்வது. இரண்டும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. மனிதக் காது கேட்கக்கூடிய மிகச் சிறிய செறிவாகக் கொள்ளப்படுவது சதுர மீற்றருக்கு ஒரு வாற்றின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. காதில் வலியுண்டாக்கும் செறிவு அதைப்போல இலட்சங்கோடி மடங்குக்கு மேற்பட்டது. இவ்வளவு அகன்ற வீச்சை நேர் எண்களால் கையாள முடியாது என்பதனாலேயே, இரு செறிவுகளின் விகிதத்துக்குப் பத்தை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்து அதைப் பத்தால் பெருக்கும் டெசிபெல் முறை வந்தது. உயர்தரப் பௌதிகவியலில் ஒலிச் செறிவுமட்டம் என்று மாணவர்கள் படிப்பது இதையே. செறிவு இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். நூறு மடங்கானால் 20 டெசிபெல் கூடும்.

புலனுணர்வு தூண்டலின் மடக்கைக்கு ஏற்ப வளர்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1860 இல் எழுதினார். பின்னர் அமெரிக்க உளவியலாளர் ஸ்ரீவன்ஸ் பலரைக் கொண்டு பரிசோதித்து, உரப்பு செறிவின் ஏறத்தாழ 0.3 ஆம் அடுக்குக்கு விகிதசமமாக வளர்கிறது என்று காட்டினார். பத்தை 0.3 ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறக்குறைய இரண்டு வரும். அதாவது செறிவு பத்து மடங்கு கூடினால்தான் “இரண்டு மடங்கு சத்தம்” என்று சாதாரணமாக ஒருவர் சொல்வார். இது பலரின் சராசரி. ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். இந்த ஒலிபெருக்கிக்கு இதனால் வரும் பலன் இதுதான்: இதே செயற்றிறன் கொண்ட 25 வாற்றுப் பெட்டியை நாலைந்து மடங்கு விலை கொடுத்து வாங்கினாலும் காதுக்குக் கிடைப்பது இரண்டு மடங்கு உரப்பு மட்டுமே. 2.5 வாற்று 5 வாற்றானால் கூடுவது 3 டெசிபெல். அக்கறையோடு கேட்பவருக்கு வேறுபாடு தெரியும், வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது.

இனித் திரையிலுள்ள எண்ணுக்கு வருவோம். மடிக்கணினித் திரையின் கீழ் வலப்பக்கத்திலுள்ள ஒலிக்குறியை அழுத்தினால் 0 முதல் 100 வரை நகரும் கோடு ஒன்று வருகிறது. அதில் 50 என்றால் எதன் பாதி? வீச்சத்தின், அதாவது ஒலியலை ஏறியிறங்கும் அளவின், பாதியா, செறிவின் பாதியா, உரப்பின் பாதியா? மென்பொருளுக்கு மென்பொருள் விடை வேறு என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அந்த எண் கோட்டின் மீதுள்ள ஓர் இடத்தை மட்டும் குறிக்கிறது. அந்த இடத்துக்கு எத்தனை டெசிபெல் குறைப்பது என்பதை மென்பொருளை எழுதியவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

மூன்று உதாரணங்களைப் பார்ப்போம். இணைய உலாவிக்குள் ஓடும் காணொளி இயக்கிகளில் வீச்சத்தை நேரடியாகவே அந்த எண்ணால் பெருக்குபவை உண்டு. செறிவு வீச்சத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், அங்கே 50 என்றால் வீச்சம் பாதி, செறிவு நாலில் ஒன்று, குறைவு 6 டெசிபெல். காதுக்கு உரப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஞ்சியிருக்கும். பாதியாக்கிய பின்பும் “குறைந்த மாதிரி இல்லையே” என்று தோன்றுவது இதனால்தான். விண்டோஸ் முறைமையின் பிரதான வொலியூம் கோடு வேறு விதமாக வளைக்கப்பட்டிருக்கிறது. பொதுவாகக் காணப்படும் ஒலியட்டைகளில் 50 இல் குறைவது ஏறத்தாழ 10 டெசிபெல்; செறிவு பத்தில் ஒன்று, உரப்பு பாதி. கோட்டின் பாதி காதின் பாதியாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட அமைப்பு இது. என் பார்வையில் மூன்றிலும் இதுவே மிகப் பொருத்தமானது. லினக்ஸ் முறைமைகளில் பரவலாகப் பயன்பட்டுவந்த பல்ஸ்ஓடியோ என்ற ஒலி மென்பொருள் அந்த எண்ணின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) வீச்சமாக எடுத்துக்கொள்கிறது. அரையின் கனம் எட்டில் ஒன்று. ஆகவே 50 இல் குறைவது 18 டெசிபெல், செறிவு 64 இல் ஒன்று, உரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே ஒலிபெருக்கி, ஒரே அறை, ஒரே 50. விண்டோஸ் கணினியில் பாடம் நன்றாகக் கேட்கிறது என்றும், அதே பெட்டியை லினக்ஸ் கணினியில் இணைத்தால் சத்தம் காணாது என்றும் சொல்பவர் இரண்டு முறையும் உண்மையே சொல்கிறார்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் இந்த எண்ணை டெசிபெலாகவே பார்க்க வழி உண்டு. பழைய கட்டுப்பாட்டுப் பலகையில் ஒலிப் பகுதிக்குச் சென்று, ஒலிபெருக்கியின் பண்புகளைத் திறந்து, மட்டங்கள் என்ற தாவலில் உள்ள எண் பெட்டியின் மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் டெசிபெல் என்ற தெரிவு வரும். அதைத் தெரிந்தபின் கோட்டை மெல்ல நகர்த்திப் பார்த்தால் வளைவு கண்ணுக்குத் தெளிவாகிறது. 100 இல் பூச்சியம். 50 இல் சுமார் 10 குறைவு. 20 இல் சுமார் 24 குறைவு. 10 இல் சுமார் 33 குறைவு. எண்கள் ஒலியட்டைக்கு ஏற்பச் சிறிது மாறலாம், போக்கு மாறாது. விசைப்பலகையில் வொலியூம் விசையை ஒருமுறை அழுத்தினால் எண் இரண்டால் நகரும். 80 க்கு அண்மையில் அது அரை டெசிபெலுக்கும் குறைவு. யாருக்கும் வேறுபாடு தெரியாது. 20 க்கு அண்மையில் அதே ஓர் அழுத்தம் ஒரு டெசிபெலுக்கும் மேல். காது அதை உணர்ந்துவிடும். இரவில் அமைதியான வீட்டில் சிறு எண்களில் வைத்துக் கேட்பவர்கள் “ஒரு தட்டுத் தட்டினால் கூடிப்போகிறது, இன்னொரு தட்டுத் தட்டினால் குறைந்துபோகிறது” என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். உயர்தர மாணவர்களுக்கு மடக்கையை விளங்கவைக்க, ஆய்வுகூடம் இல்லாத ஊரில் இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒலிபெருக்கியில் வொலியூமைத் தீர்மானிக்கும் இடம் ஒன்றல்ல. காணொளி இயக்கியின் கோடு முதலாவது, விண்டோஸின் கோடு இரண்டாவது, பெட்டியிலுள்ள திருகு மூன்றாவது. இவற்றின் குறைவுகள் டெசிபெலில் ஒன்றோடொன்று கூட்டப்படும். இயக்கியில் 50 வைத்து 6 டெசிபெல் இழந்து, விண்டோஸில் 50 வைத்து மேலும் 10 இழந்தால், திருகைத் தொடுவதற்கு முன்னரே 16 டெசிபெல் போய்விட்டது. செறிவு நாற்பதில் ஒரு பங்கு. பிறகு திருகை முழுவதும் திருப்பிவிட்டு ஒலிபெருக்கியைக் குறைகூறுகிறோம். அவ்வாறு செய்வதில் இன்னொரு தீங்கும் உண்டு. யூஎஸ்பியிலிருந்து மின்சாரமும் அதே கணினியிலிருந்து ஒலிச் சமிக்ஞையும் எடுக்கும் பெட்டிகளில் மெல்லிய கீச்சொலியும் இரைச்சலும் கலந்து வருவது வழக்கம். வன்தட்டு சுழலும்போதும் சுட்டியை அசைக்கும்போதும் அதன் தொனி மாறுவதைக் கூர்ந்து கேட்டால் அறியலாம். கணினியைக் குறைத்துத் திருகைக் கூட்டினால் பாடம் சிறுத்து வர, இந்த இரைச்சல் மட்டும் முழுவதுமாகப் பெருக்கப்படும். குளத்துத் துருசை (மதகை)க் குறுக்கிவிட்டு வயல் வாயை எவ்வளவு அகலத் திறந்தாலும் கிடைப்பது கொஞ்ச நீரும் நிறையச் சேறும்தான்.

ஆகவே இயக்கியை 100 இலும், விண்டோஸை 80 முதல் 90 வரையிலும் வைத்துவிட்டு, நாளாந்தக் கூட்டல் குறைத்தலைத் திருகில் செய்வதே இந்தப் பெட்டிக்கு ஏற்ற முறை. ஆனால் திருகிலும் ஒரு குறை இருக்கிறது. அதைக் கடைசி வரை குறைத்தால் இடப்பெட்டி முதலில் மௌனமாகிவிடுகிறது. வலப்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது. ஒரே தண்டில் பொருத்திய இரண்டு மாறுந்தடைகள் தொடக்கப் பகுதியில் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாதபோது இப்படி நேரும். மலிவான பெட்டிகள் பலவற்றில் இது உண்டு. தவிர, இத்திருகின் முதல் கால் சுற்றிலேயே சத்தத்தின் பெரும்பகுதி வந்துவிட, எஞ்சிய முக்கால் சுற்றில் அதிகம் மாற்றமில்லை. மடக்கைப் போக்கில் மாறும் தடையைப் போட வேண்டிய இடத்தில் நேர்ப் போக்கில் மாறும் தடையைப் போட்டிருப்பதன் அடையாளம் அது. சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்திருக்கும் இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் வாங்கும்போதே இணைத்துப் பார்த்து, திருகைக் காற்பங்கில் வைத்து இரண்டு பெட்டிகளும் சமமாக ஒலிக்கின்றனவா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டிலே மிகச் சிறிய சத்தம் வேண்டும் நேரத்தில் திருகை அரைப்பங்கில் நிறுத்திவிட்டுக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம். கணினியில் குறைப்பதால் ஒலியின் தரம் கெட்டுவிடும் என்ற பயம் இவ்வளவு சிறிய பெட்டிக்குத் தேவையில்லாதது.

பதிவுசெய்த பாடங்களோடு வரும் இன்னொரு சிக்கல், ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு. கலையகத்தில் பதிவுசெய்த பாடம் ஓங்கி ஒலிக்கும். ஆசிரியர் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு கரும்பலகைப் பக்கம் நின்று பேசிய பாடம் பத்து டெசிபெலுக்கும் கீழே கிடக்கும். யூரியூப் தளம் அளவுக்கு மிஞ்சி உரத்த காணொளிகளை ஒரு குறித்த மட்டத்துக்குக் குறைத்துவிடுகிறதே தவிர, மெல்லிய காணொளிகளை அந்த மட்டத்துக்கு உயர்த்திவிடுவதில்லை. காணொளியின் மீது வலப்பொத்தானை அழுத்தி நுட்ப விபரங்களைத் திறந்தால், அதன் உரப்பு அந்த மட்டத்துக்கு எத்தனை டெசிபெல் மேலே அல்லது கீழே இருக்கிறது என்ற எண்ணையும் காணலாம். அந்த எண் 10, 12 என்று கீழே காட்டினால் ஒலிபெருக்கியைக் குறைகூறி ஆவதொன்றுமில்லை. இதற்கு மருந்தாக விண்டோஸின் ஒலி மேம்பாடுகளுக்குள் உரப்பைச் சமப்படுத்தும் தெரிவொன்று பல கணினிகளில் உள்ளது. மெல்லியதை உயர்த்தி உரத்ததை அடக்கும். பாடங்களுக்கு அதைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். ஆசிரியர் பேச்சை நிறுத்தும் இடைவெளிகளில் பின்னணியின் மின்விசிறிச் சத்தமும் காகம் கரைவதும் மேலெழுந்து வரும். பாடத்துக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது, பாட்டுக்கு அல்ல. பாட்டுக் கேட்கும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

தரவிறக்கிய பாடங்களை வீஎல்சீ இயக்கியில் போடுபவர்கள் 100 ஐத் தாண்டி 125 வரை செல்கிறார்கள். மெல்லிய பதிவுக்கு அது உதவும். ஏற்கெனவே உரத்த பதிவை அவ்வாறு உயர்த்தினால், அலையின் உச்சிகள் எண்களின் எல்லைக்குள் அடங்காமல் வெட்டப்பட்டுக் கரகரப்பாகும். கரகரப்புக் கேட்டவுடன் பெட்டி பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன், இயக்கியை 100 க்கு இறக்கிப் பாருங்கள்.

தூரம் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவாகாது. என் அனுபவத்தில் சத்தம் காணாமைக்கு இதுவே பெருங்காரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் செறிவு நாலில் ஒன்றாகிறது, 6 டெசிபெல் குறைகிறது. ஒலிபெருக்கி மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருக்க, முன்வரிசைப் பிள்ளை ஒரு மீற்றரிலும் பின்வரிசைப் பிள்ளை நாலு மீற்றரிலும் அமர்ந்தால் இருவருக்குமிடையில் 12 டெசிபெல் வேறுபாடு. முன்னால் இருப்பவர் கேட்பதில் பாதி உரப்புக் கூடப் பின்னால் இருப்பவருக்குக் கிடைக்காது. அறைக்குள் சுவர்களில் பட்டுத் தெறிக்கும் ஒலி இந்த வீழ்ச்சியைக் குறைக்கிறது என்பது உண்மை. எங்கள் வாசிகசாலை போல மூன்று பக்கமும் அரைச்சுவரோடு திறந்திருக்கும் கட்டடத்தில் அந்த உதவி மிகக் குறைவு. இன்னொரு சோடி வாங்கலாமா என்று கேட்டார்கள். ஒரே தூரத்தில் இரண்டாவது சோடியை வைத்தால் செறிவு இரட்டிக்கும், கூடுவது 3 டெசிபெல். உள்ள பெட்டிகளையே பிள்ளைகளுக்குப் பாதித் தூரம் கிட்டக் கொண்டுபோனால் 6 டெசிபெல் காசில்லாமல் கிடைக்கிறது. இரு பெட்டிகளையும் திரைக்கருகில் வைக்காமல், அறையின் நடுவரிசைக்கு இருபுறமும் காதின் உயரத்துக்குச் சற்று மேலே, பிள்ளைகளை நோக்கிச் சரித்து வைத்த பின்னர், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கேட்பதில் இருந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது.

சுற்றுப்புறச் சத்தமும் கணக்கில் வர வேண்டும். வன்னியின் இரவில், மின்விசிறியும் ஓடாத வீட்டில், விண்டோஸில் 20 வைத்தாலே பக்கத்து வளவுக்குக் கேட்கும். அதே 20 பகலில், வீதியால் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் போகும்போது ஒன்றுமே இல்லை. பேச்சின் ஒவ்வொரு சொல்லும் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமானால் அது பின்னணி இரைச்சலைவிடச் சுமார் 15 டெசிபெல் மேலே இருக்க வேண்டும் என்பது வகுப்பறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. அறுவடைக் காலத்தில் வயலில் வெட்டும் இயந்திரம் தூரத்தில் ஓடியபோது இந்தச் சோடி தாக்குப்பிடித்தது. தகரக் கூரையின் மேல் மாரி மழை கொட்டும்போது தாக்குப்பிடிக்கவில்லை. அதற்கு இதைவிடப் பெரிய பெட்டியாலும் தீர்வில்லை என்றே கருதுகிறேன். அந்த இரைச்சலை 15 டெசிபெல் விஞ்சும் அளவுக்குச் சத்தம் வைத்தால் அது பிள்ளைகளின் காதுக்குத் தகாது. மழை ஓயும் வரை கணக்கைக் கையால் செய்ய விடுவதே நல்லது.

ஒலியின் தன்மையைப் பொறுத்தவரை, பேச்சுக்கு இது நன்று, இசைக்குச் சுமார். காரணம் காதிலும் இருக்கிறது, பெட்டியிலும் இருக்கிறது. எல்லா மீடிறன்களும் (அதிர்வெண்களும்) நம் காதுக்கு ஒரே அளவில் கேட்பதில்லை என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933 இல் சம உரப்பு வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். இன்று அது ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேச நியமமாகியிருக்கிறது. ஆயிரம் ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் தரும் உரப்பை 100 ஹேர்ட்ஸில் பெறுவதற்கு ஏறத்தாழ 64 டெசிபெல் வேண்டும். மூவாயிரம் நாலாயிரம் ஹேர்ட்ஸுக்கு அண்மையில் காது மிகக் கூர்மையானது. பேச்சில் க, ச, ட, த, ப என்ற எழுத்துகளைப் பிரித்தறிய உதவும் கூறுகளில் பெரும்பங்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அப்பகுதியிலேயே வருகின்றன. இந்தச் சிறு பெட்டி ஆழ்ந்த ஒலிகளைத் தர இயலாதது. நடுத்தர மீடிறன்களில் தெளிவாக இருக்கிறது. ஆகவே ஆசிரியர் குரல் கேட்க வேண்டிய இடத்தில் வலுவெல்லாம் பயன்படுகிறது. தவில் கச்சேரி போட்டால் வலந்தலையின் விரலடி துலங்கும், இடப்பக்கத் தொப்பியின் முழக்கம் காணாமற்போகும். வொலியூமைக் குறைக்கக் குறைக்க முழக்கம் இன்னும் விரைவாக மறையும். ஆழ்ந்த ஒலிகளை மென்பொருளால் கூட்டிவிடலாம் என்று முயல வேண்டாம். 100 ஹேர்ட்ஸில் 10 டெசிபெல் கூட்டுவது என்றால் அங்கே பத்து மடங்கு வலு கேட்பது, 2.5 வாற்றில் அதற்கு இடமில்லை, பெட்டி அதிரும்.

இனி எழுதுவது எங்கள் ஊருக்குத் தனிப்பட முக்கியமானது. எறிகணைகளுக்கும் குண்டுகளுக்கும் அருகில் இருந்து செவி பாதிக்கப்பட்டவர்கள் வன்னியில் நிறையப் பேர். வாசிகசாலைக்குச் செய்தி கேட்க வரும் பெரியவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். வகுப்பு நடத்த உதவுபவர்களிலும் இருக்கிறார்கள். உட்செவியின் மயிர்க்கலங்கள் சிதைந்த காதில், மேலே சொன்ன பத்து டெசிபெலுக்கு இரட்டிப்பு என்ற விதி செல்லாது. ஒரு மட்டம் வரை எதுவுமே கேட்பதில்லை. அந்த மட்டத்தைத் தாண்டியதும் உரப்பு மிக வேகமாக ஏறி, சாதாரணக் காதுக்கு உரத்துத் தெரிவதைப் போலவே உரத்துத் தெரியும். “கேட்கவில்லை, கூட்டு” என்றவர் அடுத்த கணமே காதைப் பொத்திக்கொண்டு “கத்தாதே” என்பது அவருடைய பிடிவாதமல்ல, காயத்தின் தன்மை. அவர்கள் இருக்கும்போது திருகை ஒரேயடியாகத் திருப்பாமல், விசைப்பலகையில் ஒவ்வோர் அழுத்தமாகக் கூட்டி, அவர்களே போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். பெட்டி ஒன்றை அவர்களுக்குக் கிட்ட வைப்பது, எல்லோருக்குமாக வொலியூமைக் கூட்டுவதைவிட நல்லது. அதோடு உரப்புச் சமப்படுத்தும் தெரிவு அவர்களுக்கு மெய்யாகவே உதவுகிறது. மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையிலான தூரத்தை அது குறுக்கிவிடுகிறது.

சத்தம் காணாது என்று பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனுக்கு மாறும் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் வெளியிட்ட நியமத்தின்படி வயதுவந்தோருக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெல் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகிறது. 10 டெசிபெல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகி, 40 மணித்தியாலம் 4 மணித்தியாலமாகச் சுருங்கும். விண்டோஸில் 50 க்கும் 100 க்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்தப் பத்து டெசிபெல்தான். காதுக்கு “இரண்டு மடங்கு” என்று மட்டும் தோன்றுவது, உட்செவி ஏற்கும் சக்தியின் கணக்கில் பத்து மடங்கு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். வகுப்பறையில் எல்லோரும் இந்தச் சோடியிலேயே கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம். இந்தப் பெட்டி பிள்ளைகள் அமரும் தூரத்தில் காதைக் கெடுக்கும் அளவுக்கு நீடித்து ஒலிக்க வல்லதல்ல.

பொருளின் கட்டமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டி இலகுவானது, அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் பொட்டுகள் வெயில் காலத்தில் கழன்றுவிட்டன, துணி வலைக்குள் புழுதி புகுகிறது. வயர்தான் பலவீனமான இடம். இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான வயர் ஒன்றரை மீற்றருக்குள்ளேயே முடிவதால், நான் சொன்னபடி நடுவரிசைக்கு இருபுறமும் வைப்பதற்கு வயர் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான வயரையும் 3.5 மில்லிமீற்றர் ஒலி வயரையும் நீட்டலாம். யூஎஸ்பி வயரை மெல்லிய மலிவான வயரால் பல மீற்றர் நீட்டினால் வழியிலேயே வோல்ற்றளவு விழுந்து, உரத்த இடங்களில் ஒலி உடையும். அதற்குப் பதிலாகக் கைப்பேசி மின்னேற்றி ஒன்றை வலப்பெட்டிக்கு அருகில் செருகி அதிலிருந்து 5 வோல்ற்று எடுத்தோம். மின்சாரம் கணினியிலிருந்து பிரிந்துவிட்டதால் முன்பு சொன்ன கீச்சொலியும் பெருமளவு அடங்கிவிட்டது. வாங்குபவர்கள் பெட்டியின் விலையோடு நல்லதொரு மின்னேற்றியின் விலையையும் ஐந்து மீற்றர் ஒலி வயரின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உத்தரவாதம் ஆறு மாதம் என்று கடையில் சொன்னார்கள். பற்றுச்சீட்டில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.